மீன் செத்த வருஷம்

என் அக்காவுக்குத் தேதி தெரியாது. ஒரு கல்யாணம் எப்போது நடந்தது, ஒரு பிள்ளை எப்போது பிறந்தது என்று கேட்டால் ‘காத்து வருஷம்’ என்பாள், ‘இடி விழுந்த வருஷம்’ என்பாள், ‘பெரிய தண்ணிக்கு அடுத்த வருஷம்’ என்பாள். பர்மாவில் யாங்கோன் ஆற்றின் அக்கரையில் அவள் குடியிருக்கும் சிற்றூரில் பாதிப்பேர் அப்படித்தான் பேசுவார்கள். படகில் ஏறி ஒரு வெற்றிலை போட்டு முடிப்பதற்குள் அந்த ஊர் வந்துவிடும். இக்கரையில் மாடிக் கட்டடங்கள். அக்கரையில் மூங்கில் வீடுகள், சேறு, ஆளை ஏற்றக் காத்து நிற்கும் சைக்கா என்கிற சைக்கிள் ரிக்‌ஷாக்கள். நடுவில் ஓடுகிற தண்ணீர் உவர். வாயில் வைக்க முடியாது.

அந்த ஊர் பட்ட கேடுகளையெல்லாம் ஒன்றாகச் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்று இக்கரையில் கடைகள் நிறைந்த பபேடானில் ஒருவருக்கு ஆசை வந்தது. அதிலிருந்து வந்த வினைதான் இது.

அவர் இரும்புக்கடை முதலாளி. நம்மவர்கள் சிலர் சேர்ந்து நடத்தும் தரும சங்கத்துக்கு அவர்தான் தலைவர். நான் அவருடைய கடைக்குச் சரக்கு ஏற்றி இறக்குகிறவன். ஐந்தாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடத்தில் என்னால் உட்கார முடியவில்லை. லாரியில் கிளீனராக வடக்கே எல்லை வரை போயிருக்கிறேன். தெற்கே தோட்டத்தில் ரப்பர் மரம் சீவியிருக்கிறேன். லைங் தாயாவில் தையல் ஆலையில் துணிக்கட்டு சுமந்திருக்கிறேன். எதிலும் இரண்டு மழைக்காலம் சேர்ந்தாற்போல நின்றதில்லை. தமிழ் எழுத்து, கோயிலில் ஞாயிற்றுக்கிழமைகளில் சொல்லிக்கொடுத்தது. என்னோடு தங்கியது அது ஒன்றுதான். இப்போது மிங்கலா தாங்ஞுன்டில் ரயில் தடத்தை ஒட்டி ஓர் அறையில் இருக்கிறேன். ரயில் போகும்போது அறை ஆடும். அதனால் கோடையில் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் பூமி ஆடியபோது ரயில் என்று நினைத்துக் கொஞ்ச நேரம் படுத்தே இருந்தேன். வெளியே வந்தால் மின்கம்பிகள் ஊஞ்சல் போல ஆடின, தெருவெல்லாம் ஆள்.

வடக்கேதான் பெரிய சேதம். சங்கம் அரிசியும் தார்ப்பாயும் ஏற்றி அனுப்பியது. ஏற்றியவர்களில் நானும் ஒருவன். அந்த வேலை முடிந்த பிறகு முதலாளி என்னைக் கூப்பிட்டார்.

“அக்கரையில இருக்கிற ஊரு காத்துல போச்சு, தண்ணியில போச்சு, இப்ப ஆட்டமும் பாத்துருச்சு. இவ்வளவு பட்ட ஊரு வேற எது? அத ஒரு வீடியோவா எடுத்தா பாக்கிறவன் மனசு இளகும். உங்கக்கா அங்கதானே இருக்கு?”

“இருக்குதுங்க.”

“எங்க தம்பி மக எடுப்பா. நீ கூட்டிக்கிட்டுப் போ.”

எனக்குச் சந்தோஷம்தான். ஏனென்றால் அக்காவுக்கு அப்போது ஒரே ஒரு கவலை இருந்தது, அதைச் சொல்ல ஆள் கிடைக்காமல் இருந்தாள்.

அவள் தெருவுக்கே குடிதண்ணீர் ஒரே இடத்திலிருந்துதான். மழைக்காலத்தில் நிரம்பி, கோடை முடியும் வரை தாங்க வேண்டிய தண்ணீர். அதற்கு எங்கள் வாயில் பெயர் கான். பர்மியச் சொல். குளம் என்று அக்கா சொல்ல மாட்டாள். குளம் என்றால் அவளுக்குக் கோயிலில் படிக்கட்டோடு இருப்பது, சினிமாவில் வருவது. குடிக்கிற தண்ணீர் நிற்பது கான். அதில் யாரும் கால் கழுவக் கூடாது. செருப்பைக் கரையில் கழற்றிவிட்டுத்தான் இறங்க வேண்டும்.

பூமி ஆடியதில் அந்தக் கானின் பின்பக்கக் கரை விரிசல் விட்டுவிட்டது. அடுத்த பௌர்ணமி ஏற்றத்தில் வாய்க்காலில் ஏறிய உவர்த் தண்ணீர் அந்த விரிசல் வழியாக உள்ளே வந்தது. காத்து வருஷத்திலும் இப்படித்தான் கடல்நீர் ஏறி, பிறகு யாரோ புண்ணியவான்கள் பம்பு வைத்து இறைத்தார்கள். இப்போதும் அதுதான் வழி. மழை பிடிப்பதற்குள் உப்பை இறைத்துவிட்டுக் கரையை அடைத்தால், பெய்கிற மழை நல்ல தண்ணீராக நிற்கும். தவறினால் மழையும் உப்போடு உப்பாகும், வருகிற வருஷம் முழுக்க வண்டித் தண்ணீருக்குக் கையேந்த வேண்டும். அக்கா மொஹிங்கா விற்று வாழ்கிறவள். குழம்புக்குத் தண்ணீர், அரிசிச் சேமியாவை அலசத் தண்ணீர், கிண்ணம் கழுவத் தண்ணீர். மண் வெட்ட ஆள் இருந்தது. பம்பும் டீசலும்தான் இல்லை.

முதலாளியின் தம்பி மகள் கல்லூரி முடித்த பெண். தமிழ் கேட்டால் புரியும், பேசினால் பாதியில் பர்மிக்குப் போய்விடுவாள். படகில் ஏறியதிலிருந்து முகத்துக்குக் குடை பிடித்துக்கொண்டே வந்தாள். அக்கா வாசலில் பானை தேய்த்துக்கொண்டிருந்தாள். எதிரில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து அந்தப் பெண் செல்போனை நீட்டினாள்.

“ஆன்ட்டி, முதல்ல காத்து. அன்னைக்கு என்ன நடந்துச்சு?”

“என்ன நடந்துச்சு. விடிய விடிய அடிச்சுது. நானும் புள்ளைங்களும் கட்டிலுக்கு அடியில கெடந்தோம். வெளிச்சம் வந்து பாத்தா கட்டிலு இருக்கு, வீட்டக் காணோம்.”

“பயமா இருந்துச்சா?”

“பயப்பட எங்கம்மா நேரம்? கட்டிலப் புடிச்சுக்கிட்டு இருந்தோம்.”

அவள் என் பக்கம் திரும்பினாள். “ஊலே, நீங்க?”

ஊலே என்றால் பர்மியில் மாமா, சித்தப்பா எல்லாம். “நான் வடக்க, லாரியில. காத்து அடிச்சதே எனக்குப் பல நாள் கழிச்சுத்தான் தெரியும்” என்றேன்.

“இவன எதுக்குக் கேக்குற?” என்றாள் அக்கா. “எந்தக் கேடும் இவன் இருக்கும்போது வராது. இவன் கெளம்பிப் போகணும், அதுக்கப்புறம்தான் வரும்.”

பெண் சிரித்துவிட்டு, “அடுத்து தண்ணி” என்றாள்.

“தண்ணி வந்துச்சு, போச்சு. அதுல என்ன இருக்கு? கோடையில தண்ணி இல்லாம கெடக்குறோமே, அதக் கேளு.”

“அது வருஷா வருஷம் உள்ளதுதானே ஆன்ட்டி? அது பேரிடர்ல வராது.”

“வருஷா வருஷம் வந்தா கணக்குல கெடையாதா?”

“வராதுக்கா” என்றேன் நான். “எப்பவாவது வந்தாத்தான் அதுக்கு மரியாதை.”

பெண்ணுக்கு நான் கேலி செய்கிறேனா என்று தெரியவில்லை. இடி விழுந்ததைக் கேட்டாள், பூமி ஆடியதைக் கேட்டாள். அக்கா ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி சொன்னாள். கடைசியில் பெண், “உங்களுக்கு என்ன வேணும், அதச் சொல்லுங்க ஆன்ட்டி” என்றாள். அக்கா பானையைக் கீழே வைத்தாள். கையை லுங்கியில் துடைத்துக்கொண்டாள்.

“எங்க கான் கெட்டுப்போச்சும்மா. நல்லா இருந்த கான். அந்தக் காத்து வந்தப்பவே ஒரு தடவ கெட்டுச்சு. யாரோ வந்து சரி பண்ணிக் குடுத்தாங்க. இப்ப திரும்பவும் கெட்டுப்போச்சு. எங்களால ஆகல. எங்க கான யாராவது சரி பண்ணிக் குடுத்தாப் போதும். வேற ஒண்ணும் வேணாம்.”

பெண்ணின் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அக்காவின் ஈரக்கையைப் பிடித்துக்கொண்டாள். “சரியாயிரும் ஆன்ட்டி. நல்லது செஞ்சா எல்லாம் சரியாயிரும்.”

“ஆமா, யாராச்சும் செய்யணும்ல.”

பின்பக்கக் கரையைக் காட்டுகிறேன் வா என்று நான் கூப்பிட்டேன். வெயில் அதிகம், படகு போய்விடும், இன்னொரு நாள் பார்க்கலாம் என்றாள். போகும்போது ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. இருந்தும் அன்று எனக்கு அவள் மேல் மதிப்புதான் வந்தது. ஒரு குட்டைக்காகக் கண்ணீர் விடுகிற மனசு யாருக்கு இருக்கிறது என்று அக்காவிடம் சொன்னேன். “நமக்கு இல்லாத அழுகை அவளுக்கு ஏன் வருது?” என்று அக்கா கேட்டாள். அதை அப்போது நான் யோசித்திருக்கலாம்.

சங்கத்தில் அந்த வீடியோவைப் போட்டுப் பார்த்தார்கள். மறுநாள் முதலாளி கடையில் எல்லோர் முன்னாலும் என் தோளில் கை போட்டார். அதற்கு முன் அவர் என்னைத் தொட்டதில்லை.

“உங்கக்கா கானுக்கு வேண்டியதச் செஞ்சுர்றதுன்னு முடிவு பண்ணிட்டோம். கஸோன் பௌர்ணமிக்கு எல்லாரும் வர்றோம். செலவப் பத்திக் கவலைப்படாதன்னு சொல்லு.”

நான் அன்றைக்கே படகேறிப் போய்ச் சொன்னேன். தெரு முழுக்க வேலையில் இறங்கியது. பின்கரையில் புதர் வெட்டினார்கள். களிமண் தோண்டிக் குவித்தார்கள். மூங்கிலைக் கழியாகச் சீவி அடுக்கினார்கள். இறைக்கிற தண்ணீர் போக வாய்க்கால்கூட வெட்டி வைத்தாயிற்று. கஸோன் பௌர்ணமி புத்தர் பிறந்த நாள். அன்று காலையில் மண்வெட்டிகளோடு ஆண்கள் படகுத்துறைக்கே வந்து நின்றார்கள்.

படகிலிருந்து நீல நிறப் பிளாஸ்டிக் பீப்பாய்கள் இறங்கின. “டீசல்” என்று ஒருவன் கத்தினான். நாலைந்து பேர் ஓடிப்போய்த் தூக்கினார்கள். தூக்கியவன் நின்றான். பீப்பாய்க்குள் எதுவோ துள்ளியது.

மீன். பண்ணைக் கெண்டைகள், கொஞ்சம் விரால். பின்னாலேயே பட்டுச் சேலைகள், பூத்தட்டு, இரண்டு பிக்குகள், அவர்களுக்குக் குடை பிடித்து ஒருவர், செல்போனை உயர்த்திப் பிடித்தபடி முதலாளியின் தம்பி மகள். பம்பு இல்லை.

நான் முதலாளியிடம் போனேன்.

“என்னங்க, மீனு?”

“வேற என்ன செய்யச் சொல்ற?” என்றார். அன்பாகத்தான் சொன்னார். “உங்கக்கா பேசுனதக் கேட்டதுலேருந்து எனக்குச் சோறு எறங்கல. கான் கெட்டுப்போனா அத யாரு கடையில வாங்க முடியும்?”

“கடையில வாங்க வேணாங்க. ஒரு பம்பு வச்சா சரியாயிரும்.”

முகம் சுருங்கியது. “இதுல என்ன கிண்டல் ஒனக்கு?”

“கிண்டல் இல்லீங்க. பம்பு வச்சு எறைச்சுட்டு, ஓட்டைய அடைக்கணும்.”

“கான்ல என்னடா ஓட்டை?”

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பர்மியில் குளத்துக்கும் கான், தலைவிதிக்கும் கான். எழுத்தில் வேறு வேறு, வாயில் ஒன்று. பர்மியிலேயே பேசியிருந்தால் முன்பின் சொற்களை வைத்துப் பெரும்பாலும் பிடித்துவிடுவார்கள். முழுக்கத் தமிழில் குளம் என்றிருந்தால் இந்தக் குழப்பமே இல்லை. எங்களைப் போல ஒரு காலை இங்கேயும் ஒரு காலை அங்கேயும் வைத்துப் பேசுகிறவர்களுக்குத்தான் இது நடக்கும். அக்கா அன்று சொன்ன ஒவ்வொரு வரியையும் மனசுக்குள் ஓட்டிப் பார்த்தேன். எங்கள் விதி கெட்டுவிட்டது. நல்லா இருந்த விதி. அதை யாராவது சரி பண்ணிக் கொடுத்தால் போதும். அந்தப் பெண் அழுததில் தப்பில்லை. விதி கெட்டவனுக்காக, பிடிபட்ட உயிர்களை விடுவித்துப் புண்ணியம் தேடுவது இந்த ஊர் வழக்கம். அதைத்தான் செய்ய வந்திருக்கிறார்கள்.

நான் விளக்கிச் சொன்னேன். முதலாளி கேட்டுக்கொண்டார். தம்பி மகளைப் பார்த்தார். அவள் செல்போனைக் கீழே இறக்கி, உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். அவர் மனசு நம் பக்கம் திரும்பிவிட்டது என்று நினைத்தேன்.

“சரி, அப்படியே இருக்கட்டும்” என்றார். “இப்ப என்ன கெட்டுப்போச்சு? உங்க கான்லயே மீன விடுவோம். ரெண்டு கானும் நல்லாயிரும்.”

அக்கா முன்னால் வந்தாள். “ஐயா, உப்புத் தண்ணி. இது நல்ல தண்ணி மீனு. செத்துரும்.”

“உப்பு எவ்வளவு இருக்கப்போகுது?”

“நாங்க குடிக்க முடியாத அளவுக்கு இருக்குதுங்க.”

“ஆத்துல விட்டுரலாமே” என்றேன் நான்.

“அதுவும் உப்புதானேடா?” என்று நாங்கள் சொன்னதை வைத்தே என் வாயை அடைத்தார். “மீனத் திருப்பிக் கொண்டுபோனா போற வழியிலேயே செத்துரும். பிக்குங்க வெயில்ல நிக்கிறாங்க. சும்மா இரு.”

பெண்கள் மீன்களின் தலையில் தங்க ரேக்கு ஒட்டினார்கள். பிக்குகள் ஓதினார்கள். நாங்கள் மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டுக் கைகூப்பி நின்றோம். வேறு என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. வந்தவர்கள் செருப்போடு கானில் இறங்கி, பிளாஸ்டிக் கிண்ணத்தில் மீனை மொண்டு மொண்டு விட்டார்கள். விட்ட மீன் கொஞ்ச தூரம் போய்த் திரும்பிக் கரைக்கே வந்தது. “பாருங்க, போக மனசில்ல” என்று ஒரு அம்மா சொன்னாள். நன்றிக்காகத் திரும்புகிறது என்று நினைத்தாள் போலிருக்கிறது.

விடிந்ததும் வெள்ளை வெள்ளையாக மிதந்தன. சிலவற்றின் தலையில் தங்கம் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. வெயில் ஏற ஏற நாற்றம் தெருவுக்கு வந்தது. கூடையில் அள்ளிக் குழி வெட்டிப் புதைத்தோம். அள்ள அள்ள மிதந்தது. அக்காவிடம் வழக்கமாகச் சாப்பிடுகிற சைக்காக்காரன் கிண்ணத்தை மோந்து பார்த்துவிட்டு, “இன்னைக்குப் புண்ணியக் கொழம்பாக்கா?” என்றான். மொஹிங்கா மீன் குழம்புதான். செத்த மீன் ஊரில் கிடக்கும்போது யாருக்குத்தான் சந்தேகம் வராது? அக்கா சந்தையில் மீன் வாங்கியதைப் பார்த்தவர்கள்கூட அன்று சாப்பிடவில்லை. அடுத்து வந்த நாட்களிலும் பானை பாதிக்கு மேல் மிஞ்சியது.

“கான் கெட்டுப்போச்சுன்னு சொன்னேன்” என்றாள் அக்கா, மிஞ்சியதை நாய்க்கு ஊற்றிக்கொண்டே. “இப்பத்தான் ரெண்டும் கெட்டுருக்கு.”

எனக்கு எங்கேயாவது போய்விட வேண்டும் போல இருந்தது. தெற்கே தோட்டத்தில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். சட்டையைச் சுருட்டிப் பையில்கூட வைத்தேன். அக்கா பார்த்துக்கொண்டே இருந்தாள். “போ, போ. நீ போனாத்தானே அடுத்தது வரணும்” என்றாள். பையை அங்கேயே போட்டுவிட்டுப் படகேறி பபேடானுக்குப் போனேன்.

கடையில் மின்சாரம் இல்லை. முதலாளி விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் சண்டை போடுகிற எண்ணத்தில்தான் போனேன். ஆனால் அவரைப் பார்த்ததும் ஒரே வார்த்தைதான் வந்தது.

“செத்துருச்சுங்க.”

விசிறி நின்றது. “எது?”

“மீனு.”

“எல்லாமா?”

“விரால் ஒண்ணு ரெண்டு கெடக்கலாம். கெண்ட பூரா போச்சு. நாத்தத்துல தெருவுல நிக்க முடியல.”

விசிறியை மடியில் வைத்துக்கொண்டார். உயிரை விடுவித்தால் புண்ணியம் என்றால், விடுவித்த உயிர் செத்தால் என்ன என்று கணக்குப் போடுகிறார் என்று எனக்குத் தெரிந்தது. அவர் கையாலேயே முதல் மீனை விட்டார். வீடியோவில் இருக்கிறது.

“யாருகிட்டயாவது சொன்னியா?”

“ஊருக்கே தெரியுங்க. மூக்கு இருக்கிறவனுக்கெல்லாம் தெரியும்.”

“அதுல கெடக்கிற எலும்பு, செதில் எல்லாம் போகணும். தடமே இருக்கக் கூடாது. அதுக்கு என்ன செய்யணும்?”

“பம்பு வச்சு எறைக்கணுங்க” என்றேன்.

மறுநாளே பம்பு வந்தது. டீசலும் வந்தது, இந்தமுறை பீப்பாயில் டீசல்தான். இதே பம்பை இதே கடையிலிருந்து ஒரு மாதம் முன்னால் கொடுத்திருக்கலாம். குடிக்கத் தண்ணீர் இல்லாததற்கு வராத பம்பு, செத்த கெண்டைக்கு வந்தது. சுமந்து வந்தவன் நான்தான். படகில் அதன் மேல் உட்கார்ந்து வந்தேன். எட்டி உதைக்கவும் தோன்றியது, கட்டிப் பிடித்துக்கொள்ளவும் தோன்றியது.

இறைத்து முடித்தபோது சேற்றில் ஒரு விரால் மட்டும் உயிரோடு இருந்தது. அதைப் பிடித்த ஆள் யாரிடமும் கேட்காமல் வீட்டுக்குக் கொண்டுபோனான். விரிசலில் களிமண்ணை மிதித்து, மூங்கில் அடித்து, மணல்மூட்டை அடுக்கினோம். வேலை முடிவதற்குள் முதல் மழை வந்துவிட்டது. அடைக்காத பக்கம் மூட்டைகளைக் கையால் பிடித்துக்கொண்டு நின்றோம். அந்த முதல் மழைத் தண்ணீர், அடியில் இருந்த உப்போடு கலந்துவிட்டது. மிச்சமிருந்த டீசலில் அதையும் இறைத்தோம். டீசல் தீர்ந்தது. அதற்கு மேல் மழையின் கையில் விட்டோம்.

மழை பிடித்து, கான் அரைவாசி நிறைந்ததும் அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினாள். ஒரு கை அள்ளி வாயில் வைத்தாள். கரையில் தெருவே நின்றது. அவள் கொஞ்சம் கொப்பளித்தாள், விழுங்கினாள், இன்னொரு கை அள்ளினாள்.

“சப்புன்னு இருக்கு” என்றாள்.

எல்லோரும் குடத்தை எடுக்கப் போனார்கள்.

வீடியோ அதற்கு முன்பே வெளியாகிவிட்டது. காத்து, தண்ணி, இடி, ஆட்டம் எல்லாம் வரிசையாக வருகிறது. கடைசியில் மீன் விடுகிறார்கள், பின்னால் மணிச் சத்தம். கோடைத் தாகம் அதில் இல்லை, பம்பும் இல்லை. அதன் கீழே பல ஊர்களிலிருந்து கும்பிடு போட்டிருக்கிறார்கள். அந்தப் பெண் மட்டும் ஒருநாள் தனியாகப் படகேறி வந்து, கானைச் சுற்றி நடந்து பார்த்துவிட்டு, அக்காவிடம் ஒரு கிண்ணம் மொஹிங்கா சாப்பிட்டுப் போனாள். என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது.

தெருவில் இப்போது புதிதாக ஒரு வருஷம் சேர்ந்திருக்கிறது. பக்கத்து வீட்டில் பிறந்த குழந்தையை ‘மீன் செத்த வருஷத்துப் புள்ள’ என்கிறார்கள். காத்துக்கும் இடிக்கும் பக்கத்தில் முதலாளி போய் உட்கார்ந்துவிட்டார், அவருக்குத் தெரியாமல்.

நான் இன்னும் அவர் கடையில்தான் சுமக்கிறேன். போன வாரம் ஆணிப்பெட்டி இறக்கிக்கொண்டிருந்தபோது, வந்திருந்த இரண்டு பெரிய மனிதர்களிடம் அக்கரை ஊரைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தவர், சாட்சிக்கு என்னைக் கூப்பிட்டார்.

“நீயே சொல்லு. நாங்க வந்துட்டுப் போனதுக்கப்புறம் உங்கக்கா கான் நல்லாயிருச்சா இல்லியா?”

இல்லை என்று சொல்ல எனக்கு எவ்வளவு ஆசை. ஆனால் அன்று காலையில்தான் அக்கரையில் அந்தத் தண்ணீரைக் குடித்துவிட்டு வந்திருந்தேன்.

“ஆயிருச்சுங்க” என்றேன். அடுத்த பெட்டியை இறக்கப் போனேன்.